கேக் ஹலால். கணக்கு?

எங்கட பக்கத்தில் வீட்டில் இருந்து கேக் செய்து விற்கிற பெண்களுக்கு வருகிற முதல் மெசேஜ் அநேகமாக இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, "ஹலால்தானே?" மற்றது, "கொஞ்சம் குறைக்க ஏலாதா?" சில நேரம் இரண்டும் ஒரே வட்ஸ்அப் மெசேஜில் வந்து விழும். முதல் கேள்விக்கு அவர்கள் பொறுமையாகப் பதில் எழுதுவார்கள். என்ன பட்டர், என்ன சொக்லேட், எந்த எசன்ஸ் என்று படம் பிடித்தும் அனுப்புவார்கள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு சிரிக்கிற எமோஜி போகும். பிறகு விலை குறையும்.

இந்த இரண்டு கேள்வியையும் தனித்தனிக் கேள்வியாகப் பார்க்கிறதுதான் பிழை என்பது எங்கட அபிப்பிராயம். முதல் கேள்வியை நேர்மையாகக் கேட்கிற ஒருவருக்கு இரண்டாவதை அவ்வளவு இலேசாகக் கேட்க முடியாது. ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் நாலு பேர். கலைப்பீடத்தில் படிக்கிறோம். இரண்டு பேர் முஸ்லிம், இரண்டு பேர் தமிழ். நாலு பேருக்கும் பொதுவாக இருக்கிற சமயம் சொக்லேட் என்று விடுதியில் பகிடி பண்ணுவார்கள். எங்களில் ஒருத்தியின் ராத்தா கிழக்கில், கடலோரத்து ஊர் ஒன்றில், வீட்டில் வைத்து கேக், பிரவுணி, புடிங் எல்லாம் செய்து விற்கிறா. அவவின் பெயரை இங்கே எழுதவில்லை. அவ கேட்டுக்கொண்டதும் அதுதான். லீவுக்குப் போகிற நேரமெல்லாம் அந்தக் குசினியில் போய் உட்காருவோம். இங்கே எழுதுவதில் கொஞ்சம் அங்கே பார்த்தது, கொஞ்சம் வாசித்தது, மிச்சம் எங்களுக்குள் சண்டை பிடித்து வந்து சேர்ந்த முடிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ராத்தாவுக்கு சொக்லேட்டில் உண்மையிலேயே ஆசை. அதை யாரும் அவவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இலங்கையில் பிறந்த எல்லாரையும் போல அவவுக்கும் சொக்லேட் முதலில் வந்தது பிஸ்கட் புடிங் வடிவத்தில்தான். பாலில் நனைத்த மாரி பிஸ்கட் ஒரு அடுக்கு, பட்டரும் ஐசிங் சீனியும் கொக்கோவும் அடித்த கலவை ஒரு அடுக்கு, மேலே உடைத்த கஜு. ஓவன் இல்லாத வீட்டிலும் செய்யலாம் என்பதால் கலியாண வீடு, பெருநாள், பிறந்தநாள் எல்லாவற்றிலும் அது இருக்கும். அவ பத்து வயதில் தன்கைப்பட செய்த முதல் பலகாரமும் அதுதான். பிறகு கேக், பிறகு பிரவுணி, நடு உருகி ஓடுகிற லாவா கேக், மூஸ். கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் போடுகிற வட்டலப்பத்தில் கறுப்பு சொக்லேட்டைக் கரைத்தும் பார்த்திருக்கிறா. கருப்பட்டியின் புகை மணத்தோடு கொக்கோவின் கசப்புச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்ல ஏலாது. உம்மா மட்டும் "வட்டலப்பத்தக் கெடுத்துப்போட்டாய்" என்று சொல்லிச் சொல்லி இரண்டு துண்டு சாப்பிட்டா.

ஆசை மட்டும் போதாத வேலை இது. கொக்கோ பட்டர் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகிவிடும். எங்கட உடம்புச் சூட்டை விடக் கொஞ்சம் குறைவு, அதனால்தான் நல்ல சொக்லேட் வாயில் வைத்ததும் கரைகிறது. ஆனால் சித்திரை வெயிலில் கிழக்கிலே குசினிச் சூடும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். கறுப்பு சொக்லேட்டைப் பளபளப்பாக, உடைக்கும்போது சத்தம் வருகிற மாதிரி இறுக வைக்க அதை 45 பாகைக்கு மேலே உருக்கி, 27, 28 வரை ஆற்றி, திரும்ப 31, 32க்குக் கொண்டுவர வேண்டும். குளிர்நாட்டுக்காரர் மேசையில் ஊற்றிச் செய்கிற இந்த வேலையை ராத்தா விடிய நாலு மணிக்கு, ஃபேனை நிற்பாட்டி, தண்ணீர்ச் சட்டிக்கு மேலே கிண்ணம் வைத்துச் செய்வா. பகலில் செய்தால் மேலே வெள்ளைப் படலம் படரும். கனாஷுக்கும் புத்தகத்தில் இருக்கிற சம அளவு சரிவராது. ஒரு பங்கு கிறீமுக்கு இரண்டு பங்கு சொக்லேட் போட்டால்தான் ஓட்டோவில் போய்ச் சேரும்வரை கேக்கில் பூசியது வழியாமல் நிற்கும்.

அதாவது எங்கட வெயிலுக்கே சொக்லேட் செலவு இரண்டு மடங்கு. மலிவாக முடிக்க வழி இருக்கிறது. கொக்கோ பட்டருக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்புப் போட்ட கொம்பவுண்ட் சொக்லேட் வாங்கலாம். அது இந்தச் சூட்டுக்குத் தாங்கும், இந்த வித்தை எல்லாம் தேவையும் இல்லை. ராத்தாவும் அலங்காரத்துக்கு அதை எடுப்பா. ஆனால் எடுத்தால் எடுத்தது என்று ஓடர் தந்தவருக்குச் சொல்வா. "சொல்லாம வித்தா அது அமானத்து இல்லயே புள்ள" என்றா ஒருநாள். இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹலால் என்றால் கேக்கில் என்ன பிரச்சினை, அதில் இறைச்சியா கிடக்கு என்று எங்களில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளும் முதலில் கேட்டோம். ராத்தா பெட்டிகளை மேசையில் பரப்பி வகுப்பே எடுத்தா. மூஸையும் மார்ஷ்மெலோவையும் இறுக வைக்கிற ஜெலட்டின் மாட்டில் இருந்தும் வரலாம், பன்றியில் இருந்தும் வரலாம். மாடு என்றாலும் எப்படி அறுத்தது என்ற கேள்வி இருக்கிறது. பெட்டியின் பின்பக்கம் 471 என்று ஒரு இலக்கம் இருந்தால் அந்தக் கொழுப்புப் பொருள் தாவரத்தில் இருந்தும் எடுக்கலாம், மிருகத்தில் இருந்தும் எடுக்கலாம், இலக்கத்தைப் பார்த்து மட்டும் சொல்ல ஏலாது. 120 என்றால் பூச்சியில் இருந்து எடுக்கிற சிவப்புச் சாயம். ரம் எசன்ஸ் அவவின் வீட்டுக்குள் வராது. வெனிலா கூடச் சிக்கல்தான். அமெரிக்காவில் ஒன்றை வெனிலா சாறு என்று விற்பதென்றால் அதில் குறைந்தது 35 சதவீதம் மதுசாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். சுவைக்காகச் சேர்க்கிற சிறு அளவைப் பற்றி அறிஞர்களுக்கிடையில் வேறுபட்ட கருத்துகள் உண்டு. ராத்தா சந்தேகம் உள்ளதை விட்டுவிட்டு மதுசாரம் இல்லாத பொடியைத் தேடி வாங்குவா. விலை கூட.

இந்தக் கட்டுப்பாடு அவவின் கைவண்ணத்தைக் குறைக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஜெலட்டின் இல்லாமல் மூஸ் எப்படி என்று யோசித்தபோது அவவுக்கு விடை கிடைத்தது நோன்பு திறக்கிற மேசையில். நோன்பு காலத்தில் எங்கட முஸ்லிம் வீடுகளில் கடற்பாசி செய்வார்கள் இல்லையா, பாலோ ரோஸ் சிரப்போ ஊற்றி, தட்டில் ஊற்றி வெட்டுகிற அதே கடற்பாசி. ஜெலட்டின் எங்கட சூட்டில் இளகிவிடும். கடற்பாசி அறைச் சூட்டிலேயே இறுகும், ஒருமுறை இறுகினால் ஏறத்தாழ 85 பாகை வரை உருகாது. மிகக் கொஞ்சமாகப் போட்டு, சொக்லேட்டும் கிறீமும் சேர்த்து அவ செய்கிற மூஸ் கரண்ட் போனாலும் நிற்கும். உம்மம்மாவின் கடற்பாசியும் வெளிநாட்டு மூஸும் ஒரே கிண்ணத்தில். மார்க்கம் ஒரு கதவை மூடியபோது அவ பக்கத்து வீட்டு வேலியால் போய்ச் சேர்ந்திருக்கிறா என்று எங்களில் ஒருத்தன் சொன்னான். சரியாகத்தான் சொன்னான்.

இனி நோன்பு மாதத்துக்கு வருவோம். வருடத்திலேயே ஓடர் கூடின மாதம் அது. சொக்லேட்டோடு பகல் முழுக்க வேலை செய்கிற ஒருவர் ஒரு துளி விழுங்கக் கூடாது. தேவை இருந்தால் நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ராத்தா அதையும் செய்வதில்லை. தராசைத்தான் நம்புவா. உப்பு 3 கிராம் என்றால் 3 கிராம். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கி, மணத்தையும் நிறத்தையும் வைத்து முடிப்பா. நோன்பு திறந்த பிறகு முதல் கரண்டி வாய்க்குப் போகும்போது அவவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசிப் பத்து நாள்தான் கஷ்டம். மற்றவர்கள் இரவு வணக்கத்துக்கு நிற்கிற நேரம் இவ ஓவனுக்கு முன்னால் நிற்பா. பெருநாள் 29 நோன்போடா 30 நோன்போடா என்பது பிறை பார்த்து கொழும்பு பெரிய பள்ளிவாசலில் இருந்து அறிவிப்பு வரும்வரை தெரியாது. எல்லாக் கேக்கும் 29ஆம் நாள் இரவுக்குத் தயாராக இருக்க வேண்டும். பிறை தெரியாவிட்டால் கிறீம் பூசிய அத்தனையும் இன்னும் ஒருநாள் பிரிட்ஜில் இருக்க வேண்டும். அப்படி ஒரு இரவில், கேக் எல்லாம் அடுக்கி முடித்து, சுவரில் சாய்ந்துகொண்டு அவ சொன்னது இது: "தொழுகையில நிக்க ஆசையா இரிக்கி. ஆனா இந்தக் காசு இல்லாட்டி புள்ளைகளுக்குப் பெருநாளுக்கு உடுப்பு இல்ல. நிய்யத்து சரியா இருந்தா இதுவும் இபாதத்துதான் எண்டு நெனச்சுக்கிட்டுச் செய்யிறன்." அந்த இரவில் செய்த கேக்குகளில் இரண்டுக்குக் காசு அடுத்த பெருநாள்வரை வரவில்லை.

அவவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. ஓடர், திகதி, முற்பணம், மிச்சம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். மிச்சம் என்ற நிரல்தான் நீளம். சொந்தக்காரர், பக்கத்து வீடு, உம்மாவின் கூட்டாளிமார், பிள்ளையின் டீச்சர். கேட்கலாம்தானே என்றால், "கேக்குக்குப் போய்க் காசு கேக்கிறதா, வெக்கமா இரிக்கி" என்றா. வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதுதான் எங்கட கேள்வி.

ஒருநாள் பக்கத்தில் இருந்து நேரத்தை எழுதினோம். ஒரு கிலோ சொக்லேட் கேக். ஓடர் பேசி முடிக்க 20 நிமிடம். நிறுத்து, சலித்து எடுக்க 30. கலக்க 30. கனாஷ் செய்ய 30. அடுக்கி, பூசி, அலங்கரிக்க 90. பாத்திரம் கழுவ 40. கூட்டினால் 4 மணித்தியாலம். ஓவனில் இருந்த நேரமும் ஆறவிட்ட நேரமும் இதில் சேரவில்லை. விலையில் இருந்து மா, சீனி, முட்டை, பட்டர், சொக்லேட், காஸ், பெட்டி எல்லாம் கழித்தால் மிஞ்சியது அந்த 4 மணித்தியாலத்துக்கான கூலி. "கொஞ்சம் குறைக்க ஏலாதா" என்று கேட்கும்போது பட்டர் விலை குறையாது, முட்டை விலை குறையாது. குறைகிறது அந்தக் கூலி மட்டும்தான். அதுதான் கேட்கிற ஆளுக்குக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

"வீட்டில இருந்துதானே செய்யிறீங்க, கடை வாடகை இல்லையே." "ஆசைக்குத்தானே செய்யிறீங்க." "சும்மா இருக்கிற நேரத்திலதானே." இந்த மூன்று வசனமும் நாங்கள் போன ஒவ்வொரு முறையும் காதில் விழுந்தது. ஒருமுறை மூன்றாவது வசனத்துக்கு ராத்தா சிரித்துக்கொண்டே சொன்னா: "ஆசை இரிக்கி. ஆனா ஆசையக் குடுத்து கடையில பட்டர் வாங்க ஏலாதே." மேசன் வேலையை விருப்பத்தோடு செய்கிற காக்காவிடம் யாரும் "ஆசைக்குத்தானே கட்டுறீங்க, கூலி எதுக்கு" என்று கேட்பதில்லை. குசினிக்குள் நடக்கிற வேலை என்றதும், அதுவும் ஒரு பெண் செய்கிறா என்றதும், அது வேலை என்ற கணக்கில் இருந்து விழுந்து அன்பு என்ற கணக்கில் போய் ஏறிவிடுகிறது. அன்புக்கு விலை கேட்டால் ஆள் கெட்டவள்.

இங்கேதான் ஹலால் திரும்ப வருகிறது. ஹலால் என்பது பொருளைப் பற்றிய சொல் மட்டும் இல்லை, கொடுக்கல் வாங்கலையும் பற்றிய சொல். எங்கட முஸ்லிம் நண்பர்கள் இரண்டு பேரும் சிறு வயதில் மத்ரசாவில் படித்ததையே ஞாபகப்படுத்தினார்கள். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தொழுகையைப் பற்றி இல்லை, நோன்பைப் பற்றி இல்லை. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது, இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆவது வசனம். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்கிறவர்களைக் கண்டித்து ஒரு அத்தியாயமே இருக்கிறது, 83ஆவது. உழைத்தவரின் கூலியை இழுத்தடிக்காமல் கொடுக்க வேண்டும் என்பது ஜும்ஆ பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிற செய்தி. ஒரு பெண் உழைத்தது அவளுக்கே உரியது என்பதும் மார்க்கச் சட்டத்தில் உள்ளதுதான். நபியவர்களின் முதல் மனைவி கதீஜா நாயகி வியாபாரம் செய்தவர் என்று பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்படியென்றால் ராத்தாவின் கொப்பி வெட்கப்பட வேண்டிய பொருள் இல்லை. மார்க்கம் எழுதச் சொன்னதை எழுதி வைத்திருக்கிற கொப்பி அது. ஜெலட்டின் என்ன மிருகம் என்று விசாரிக்கிற அக்கறையில் பாதி அந்த மிச்சம் நிரலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதில் இருந்தால் போதும்.

அவவின் ஹலால் வார்த்தையை இலேசாக எடுக்க இன்னொரு காரணத்தாலும் ஏலாது. இந்த நாட்டில் முஸ்லிம் ஒருவர் செய்த சாப்பாட்டை நம்புவது என்பது வெறும் ருசி விசயமாக இருக்கவில்லை. ஹலால் இலச்சினைக்கு எதிரான பிரசாரம் சூடு பிடித்து, 2013 மார்ச்சில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்ளூர்ப் பொருட்களில் அந்த இலச்சினையைக் கைவிட உடன்பட வேண்டி வந்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் கருத்தடை மாத்திரை கலந்தார்கள் என்று வதந்தி கிளப்பி, கடைகளையும் பள்ளிவாசலையும் அடித்தார்கள். பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னது, அது வெறும் மாக்கட்டி என்று. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்று போனில் போனில் மெசேஜ் சுற்றியது. ராத்தாவின் தமிழ் வாடிக்கையாளர் சிலரும் அந்த மாதங்களில் காணாமல் போனார்கள்.

அவர்கள் திரும்பி வந்தது மெல்ல மெல்லத்தான். இப்போது மார்கழியில் பக்கத்து ஊரில் இருந்து நத்தார் கேக் ஓடர் வருகிறது. பிராண்டிக்குப் பதிலாக தோடம்பழச் சாற்றில் முந்திரிவத்தலை ஊறவைத்து, அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, செய்து கொடுக்கிறா. சிவராத்திரிக்கு முட்டை இல்லாத சொக்லேட் கேக்கும் கேட்கிறார்கள். அதற்கு வேறாக ஒரு சட்டியும் கரண்டியும் வைத்திருக்கிறா. இவவுக்கு ஹலால் எவ்வளவு முக்கியமோ, அவர்களுக்கு மரக்கறி அவ்வளவு முக்கியம் என்று அவவுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. ஹலால் மற்றவரை ஒதுக்கிவைக்கிற சொல் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை அந்த இரண்டாவது சட்டியைப் பார்க்க வேண்டும். அவவிடம் சான்றிதழ் இல்லை, முத்திரை இல்லை. அவவின் வார்த்தைதான் முத்திரை. அதைச் சம்பாதிக்க எவ்வளவு காலம் எடுத்தது என்று மேலே சொன்னதில் இருந்தே விளங்கும்.

எதிர்க்கருத்தும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் காசுக் கஷ்டம். நோர்மல் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஒருவர், பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு சொக்லேட் கேக் வெட்ட ஆசைப்பட்டு விலை கேட்பது பாவமா? இல்லை. விலை கேட்பது பாவமில்லை, எங்களிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் என்ன செய்யலாம் என்று கேட்பதும் பாவமில்லை. ராத்தா அதற்கு எப்போதும் ஒரு வழி வைத்திருப்பா. ஒரு கிலோவுக்குப் பதில் அரைக் கிலோ, கிறீமுக்குப் பதில் கொக்கோ ஐசிங், அதுவும் ஏலாவிட்டால் ஒரு தட்டு பிஸ்கட் புடிங். அளவு குறையலாம், அலங்காரம் குறையலாம். அதே கேக், அதே அளவு, அதே சொக்லேட், கூலி மட்டும் குறைய வேண்டும் என்று கேட்பதைத்தான் சொல்கிறோம்.

கடையில் இதைவிட மலிவு என்பது இன்னொரு வாதம். உண்மைதான், பல கடைகளில் மலிவு. அவர்கள் மூட்டைக் கணக்கில் வாங்குகிறார்கள். வீட்டில் செய்கிறவர் சில்லறையாக வாங்குகிறார். 2022இல் காஸ் வரிசையும் ஒருநாளில் 13 மணித்தியாலம் வரை போன மின்வெட்டும் வந்தபோது ஜெனரேட்டர் இல்லாத இவர்களின் ஓவன்கள்தான் முதலில் நின்றன. அந்த ஓகஸ்ட்டில் அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தி வைத்த 300 பொருட்களில் சொக்லேட்டும் இருந்தது. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள், 2024இல் உலகச் சந்தையில் கொக்கோ தொன் 10,000 டொலரைத் தாண்டி, வருட முடிவில் 12,000க்கும் மேலே போனது. சில வருடங்களுக்கு முன்னர் அது 2,500 அளவில் நின்ற பொருள்.

அந்த விலை ஏறியபோது கொக்கோ பயிரிடுகிற விவசாயி பணக்காரனாகிவிட்டானா என்றால் அதுவும் இல்லை. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளில் இருந்து வருகிறது. அந்த இரண்டிலும் கொக்கோ விளைகிற பகுதிகளில் சுமார் 15 இலட்சத்து 60 ஆயிரம் பிள்ளைகள் கொக்கோ வேலையில் ஈடுபடுகிறார்கள் என்று சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் ஒன்று 2020இல் அறிக்கை வெளியிட்டது. இதைப் பற்றிப் பேசிய அன்று ராத்தா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஹலாலுக்குப் பக்கத்தில தய்யிப் எண்டும் ஒரு சொல் வருமே, நல்லது, சுத்தமானது எண்டு. அது இதுக்கும் சேத்துத்தானே" என்றா. கொக்கோக் காயை வெட்டுகிற முதல் கையும், கேக்கில் கடைசிப் பூவை வைக்கிற கையும் சங்கிலியின் இரண்டு அந்தத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் கிடைப்பதுதான் குறைவு. கானாவில் நடப்பதை எங்களால் இங்கிருந்து மாற்ற ஏலாது. சங்கிலியின் இந்த அந்தம் எங்கட ஊரில், நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது.

இப்போது புதிதாக ஒன்று. டுபாய் சொக்லேட் வீடியோவை அனுப்பி "இதே மாதிரி வேணும், விலை மட்டும் எங்கட விலையில" என்று கேட்பது. பிஸ்தாவும் வறுத்த குனாஃபா நூலும் நிரப்பிய அந்த சொக்லேட்டை 2021இல் டுபாயில் தொடங்கியவரும் ஒரு பெண்தான். 2015இல் பிரிட்டனின் பெரிய பேக்கிங் போட்டியில் வென்ற, சொக்லேட்டில் மயில் செய்து காட்டிய நாதியா ஹுஸைன் ஹிஜாப் அணிந்த, பங்களாதேஷ் பூர்வீகக் குடும்பத்துப் பெண். அடுத்த வருடம் ராணியின் 90ஆவது பிறந்தநாளுக்குக் கேக் செய்ததும் அவர். எங்கட ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கதைகளை ஊக்கமாகச் சொல்கிறவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களின் வேலைக்கு உலகம் விலை கொடுத்தது. திறமை ராத்தாவிடமும் இருக்கிறது. விலைதான் இன்னும் வரவில்லை.

செய்யக்கூடியது ஒன்றும் பெரிய புரட்சி இல்லை. ஓடர் கொடுக்கும்போதே பாதிக் காசு கொடுங்கள், மிச்சத்தை கேக் கைக்கு வரும்போது கொடுங்கள். பல்கலைக்கழகச் சங்கங்களின் நிகழ்வுக்கு ஓடர் கொடுத்தால் நிகழ்வு முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகு வவுச்சர் வரும் என்று காத்திருக்க வைக்காதீர்கள். கையில் காசு குறைவென்றால் கேக்கைச் சின்னதாகக் கேளுங்கள். வீட்டில் உம்மாவோ தங்கச்சியோ கேக் செய்கிறார்கள் என்றால் பாத்திரம் கழுவுகிற அந்த 40 நிமிடத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். "பொழுதுபோக்குக்குச் செய்யிறா" என்று அறிமுகப்படுத்துவதை விட்டுவிட்டு "கேக் செய்து விற்கிறா" என்று சொல்லுங்கள். செய்கிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. கொம்பவுண்ட் என்றால் கொம்பவுண்ட் என்று சொல்லி விற்பது போல, என் கூலி இவ்வளவு என்றும் சொல்லி விற்கலாம். இரண்டும் ஒரே அமானத்துதான். கொப்பியை எடுத்துக் கேளுங்கள்.

"ஹலால்தானே?" என்று கேட்பதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை, அது நல்ல கேள்வி. ராத்தா இன்றைக்கும் பெட்டியைத் திருப்பிப் பார்த்து அதற்குப் பதில் சொல்வா. கேக்கைச் சாப்பிட்டு முடித்த பிறகு, காசு கொடுத்தாயிற்றா என்று கேட்கிறவரும் தன்னிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் சரி.